கறுப்பு மணலில் ஒரு முழுக்கு

தவநாயகிக்கு இரத்தம் எடுக்கிற வேலை. லண்டனில் இல்ஃபோர்ட்டுக்கு அப்பால் இருக்கிற பெரிய ஆசுபத்திரி ஒன்றில், திரை போட்ட ஒரு சின்ன அறையில், காலையிலிருந்து பின்னேரம் வரைக்கும் கைகள் வந்துகொண்டேயிருக்கும். நரம்பே தட்டுப்படாத முதியவர்கள், ஊசியைக் கண்டதும் வெளிறிப்போகிற ஆறடி இளைஞர்கள், யாராக இருந்தாலும் முழங்கையின் உட்பக்கத்தை இரண்டு விரலால் தடவிப் பார்த்துவிட்டு ஒரே குத்தில் எடுத்துவிடுவாள். புதிதாக வேலைக்கு வந்தவர்கள் இரண்டு தரம் குத்தியும் கிடைக்காத ஆட்களை அவளிடம்தான் அனுப்புவார்கள். அவளுக்கு அதில் சின்னப் பெருமையும் உண்டு. மறைக்கமாட்டாள்.

அப்படிப்பட்டவள் கல்யாணமாகி முப்பது வருடத்தில் எந்தக் கடலிலும் கணுக்காலுக்கு மேல் இறங்கியதில்லை என்று சொன்னால் நம்புவது கஷ்டம். பார்க்காத கடலில்லை. பிரான்சின் தெற்குக் கரை, இத்தாலி, ஸ்பெயின், இங்கே சவுத்தெண்ட், பிரைட்டன். எல்லாவற்றையும் பார்த்திருக்கிறாள். எல்லாம் கரையில் நின்று, கையில் சாப்பாட்டுப் பையுடன்.

காரணம் அவளுடைய கணவர் குலசேகரம். அவர் லண்டன் பஸ் சாரதி. வருடம் முழுக்க நேரத்துக்கு நேரம் நிறுத்தி, நேரத்துக்கு நேரம் எடுத்து ஓடிய மனுசன், விடுமுறைக்குக் குடும்பத்தைக் காரில் ஏற்றிக்கொண்டு போனாலும் அதே மாதிரித்தான் ஓடுவார். ஒரு நாளைக்கு இத்தனை இடம் என்று வைத்துக்கொண்டால் அத்தனையும் பார்த்துத்தான் தீரவேண்டும். கோபுரமோ, ஏரியோ, கடற்கரையோ, எல்லாவற்றுக்கும் ஒரே அளவு நேரம். பிள்ளைகள் நிசாந்தனும் மிதுஷாவும் தண்ணீருக்கு ஓடுவார்கள். தவநாயகி துண்டை விரித்து, புட்டையும் கோழிக்கறியையும் எடுத்து வைத்து, கடற்பறவைகளை விரட்டி, பிள்ளைகளைக் கூப்பிட்டு வாயில் தீத்தி, சட்டிகளை மூடி, மணலைத் தட்டி முடிக்கிறபோது அவர் கார்த் திறப்பை விரலில் மாட்டி ஆட்டிக்கொண்டு நிற்பார்.

"பாத்தாச்சுத்தானே, வெளிக்கிடுங்கோ."

அந்த ஒரு வசனத்தை வைத்தே வீட்டில் அவரைப் பகிடி பண்ணுவார்கள். மிதுஷா தன் தோழியின் கல்யாணத்தில் தாலி கட்டி முடிந்த கையோடு தகப்பனின் காதுக்குள் அதைச் சொல்ல, அவர் வாய்விட்டுச் சிரிக்க, பக்கத்து வரிசை முழுவதும் திரும்பிப் பார்த்தது.

கடைசியாக அவர் தேர்ந்தெடுத்த இடம் லான்சரோட்டே. ஸ்பெயினுக்குச் சொந்தமான, எரிமலையால் உண்டான தீவு. அவருடைய பஸ்ஸுக்கு முன்னால் போகிற பஸ்ஸின் முதுகில் அந்தத் தீவின் விளம்பரம் ஒட்டியிருந்ததாம். நெரிசலில் நிற்கிற நேரமெல்லாம் அந்தக் கறுப்பு மணலையும் சிவப்பு மலையையும் பார்த்துப் பார்த்து ஆசை வந்துவிட்டது. ஓய்வு பெறுகிற வருடம் அங்கேதான் போவது என்று முடிவு செய்து, எப்போதும்போல வெகு முன்னதாகவே பதிவும் செய்துவிட்டார். நாலு பேருக்கு. அவர், தவநாயகி, மிதுஷா, நாலாவது அவருடைய அக்கா வசந்தமலர். வசந்தமலர் ஃபாரஸ்ட் கேட்டில் மகன் வீட்டில் இருக்கிறவர். லண்டனுக்கு வந்து எத்தனையோ காலமாகியும் கோயிலையும் கடையையும் தவிர ஓரிடமும் பார்க்காதவர். "அக்காவுக்கு எரிமலை காட்டப்போறன்" என்று காணுகிற ஆட்களுக்கெல்லாம் குலசேகரம் சொல்லித் திரிந்தார்.

தவநாயகிக்கு அவர் வேறொன்று சொன்னார். சப்பாத்துக்குப் பொலிஷ் போட்டுக்கொண்டிருந்த நேரம், தலையை நிமிர்த்தாமலே சொன்னார்: "இந்தமுறை உம்மைக் கடலுக்குள்ள விட்டிட்டு நான் காருக்குள்ள படுப்பன். நீர் வாற நேரம் வாரும்."

மறுநாளே தவநாயகி இல்ஃபோர்ட் கடைத்தெருவுக்குப் போய்க் குளியலுடுப்பு ஒன்று வாங்கினாள். கடும் நீலம். கை முழங்கை வரைக்கும், கால் முழங்கால் வரைக்கும். விலைச்சீட்டைக் கழற்றாமல் அலுமாரியின் அடித்தட்டில் சேலைகளுக்குக் கீழே வைத்தாள். சனவரியில் ஒரு காலை, அதே சப்பாத்தைப் போட்டுக்கொண்டிருக்கும்போது குலசேகரம் கதிரையிலிருந்து சரிந்து விழுந்தார். அம்புலன்ஸ் வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

பயணத்தை நிறுத்திவிடலாம் என்றுதான் நிசாந்தன் சொன்னான். தகப்பனின் இடத்தில் தான் போகலாம் என்றாலும் அவனுக்கு லீவு கிடைக்கவில்லை. தவநாயகி நிறுத்தவில்லை. செப்டெம்பர் நெருங்கியபோது தான் போகப் போவதாகச் சாதாரணமாக அறிவித்தாள். காரை ஆர் ஓடுறது என்று மகன் கேட்டான். "நான்தான்" என்றாள். பத்து வருடத்துக்கு மேலாக லைசன்ஸ் வைத்திருக்கிறவள். ஆனால் இல்ஃபோர்ட், ஃபாரஸ்ட் கேட் என்கிற வட்டத்துக்கு வெளியே ஓடியதில்லை. தூர ஓட்டமெல்லாம் அவருடையது.

வசந்தமலர் மச்சாளை மசிய வைப்பதுதான் பெரும்பாடாக இருந்தது. வருடம் திரும்பி ஆட்டைத் திவசம் முடியவில்லை, அதற்குள் என்ன உலாத்து என்று அவர் கேட்டார். தவநாயகி வாதாடவில்லை. கோயில் ஐயருக்குப் போன் போட்டு, மச்சாளும் கேட்கும்படி சத்தத்தைக் கூட்டி மேசையில் வைத்தாள். ஐயர் நல்ல மனுசன். பிரயாணம் போவதில் குற்றமில்லை என்றார். திருவிழா, கல்யாணம் தவிர்க்கவேணும், மலையில் இருக்கிற கோயிலுக்கு ஏறக்கூடாது, அவ்வளவுதான் என்றார்.

மச்சாள் அதில் ஒரு சொல்லை மட்டும் பிடித்துக்கொண்டார். மலை.

"உது சாமி இருக்கிற மலை இல்லை, மச்சாள். எரிமலை."

"எரிமலையில ஒருத்தரும் இல்லையெண்டு உமக்கு ஆர் சொன்னது?"

ஆக, மச்சாள் வருவதற்கு ஒத்துக்கொண்டார், ஆனால் மலை ஏறமாட்டார். தம்பியின் பெண்சாதியைத் தனியே விடவும் ஏலாதாம். அவருடைய பெட்டியில் மூன்று வெள்ளைச் சேலையும், மின்சாரத்தில் வேகிற ஒரு சின்ன அரிசிப்பானையும், கைப்பையில் இரண்டு தேசிக்காயும் இருந்தன. தவநாயகியின் பெட்டியில் அடியிலே நீல உடுப்பு இருந்தது. அதைப் பற்றி அவள் மூச்சுவிடவில்லை.

தேசிக்காய் எதற்கென்பது தீவின் விமான நிலையத்தில் தெரிந்தது. வாடகைக் கார் தரிப்பிடத்தில், ஓடுவதற்கு ஏறுமுன், மச்சாள் குனிந்து முன் சில்லுகளுக்கு முன்னால் ஒவ்வொன்றாக வைத்தார். புது வாகனம் எடுக்கிறபோது செய்கிறதுதானே. திறப்பைக் கொடுத்த பொடியன் ஏதோ எண்ணெய் கசிகிறதாக்கும் என்று நினைத்து அவனும் குனிந்து பார்த்தான். தவநாயகி இடப்பக்கத்து ஆசனத்தில் ஏறினாள். ஸ்டியரிங் இடப்பக்கம், கியர் வலப்பக்கம். இடக்கை பழக்கத்தில் கியரைத் தேடிக் கதவில் இடித்தது. வலக்கையால் போட்டாள். கார் பின்னுக்குப் போனது.

தேசிக்காய் இரண்டும் நசியாமல் இருந்த இடத்திலேயே இருந்தன. மச்சாள் ஒரு நிமிடம் யோசித்தார். பிறகு அவற்றை எடுத்துக்கொண்டுபோய்ப் பின் சில்லுகளுக்குப் பின்னால் வைத்தார். பின்னுக்குப் போகிற கார் என்றால் பின்னுக்குத்தானே வைக்கவேணும். இந்தமுறை தவநாயகி கியரைச் சரியாகப் போட்டாள், கார் முன்னுக்குப் போனது.

மிதுஷா சிரிப்பில் அழுதேவிட்டாள். "அம்மா, சீரியஸ்லி, டாக்சி எடுப்பம்."

தவநாயகி கண்ணாடியைச் சரிசெய்தாள். ஆசுபத்திரி அறையில் இரண்டு தரம் குத்தியும் கிடைக்காத கை வருகிறபோது அவள் என்ன செய்வாளோ அதைச் செய்தாள். ஒரு மூச்சு விட்டு, திரும்ப முதலிலிருந்து தொடங்கினாள். "ஏறுங்கோ மச்சாள். தேசிக்காயைக் கைப்பையில வையுங்கோ, பேந்து பாப்பம்."

அன்று பின்னேரம் ஹோட்டலுக்குப் போய்ச் சேர்கிறவரைக்கும் மிதுஷா பக்கத்தில் இருந்து "கீப் ரைட், அம்மா, கீப் ரைட்" என்று ஓதிக்கொண்டே வந்தாள். மூன்றாவது வட்டச்சந்திக்குப் பிறகு ஓதலை நிறுத்திவிட்டாள். தேவையிருக்கவில்லை.

அது ஒரு விசித்திரமான ஊர். தரை முழுக்கக் கரி. உழுதுவிட்டு அப்படியே கல்லாகிப்போன வயல் மாதிரி நெருப்புக் குழம்பு ஓடி உறைந்து கிடந்தது. அதற்கு நடுவில் வெள்ளை வெள்ளையாகச் சின்ன வீடுகள். கறுப்பு மண்ணில் குழி தோண்டி, குழிக்கு ஒன்றாகத் திராட்சை நட்டிருந்தார்கள். எங்கே திரும்பினாலும் ஒரு மலை, தலை வெட்டின மாதிரி. மச்சாள் மலை இல்லாத பக்கத்து யன்னலைக் கேட்டு வாங்கிக்கொண்டார். அந்தத் தீவில் அப்படியொரு பக்கம் இல்லை.

"தவம், இப்ப ஏறுதோ?"

"இல்லை மச்சாள், வளையுது."

கொஞ்ச நேரத்தில் திரும்பவும் கேட்பார். தவநாயகி திரும்பவும் வளையுது என்பாள். கியரை இரண்டுக்குக் குறைத்துக்கொண்டே.

முதல் இரண்டு நாளும் குலசேகரம் பார்க்க நினைத்த இடங்களுக்குப் போனார்கள். பச்சைநிறத் தண்ணீர்க் குளம் ஒன்று, கறுப்பு மணலுக்கும் சிவப்பு மலைக்கும் நடுவில். அதில் இறங்கத் தடை. உப்பளத்துக்குப் பக்கத்தில் ஒரு நீளக் கறுப்புக் கடற்கரை. அங்கே அலை ஆளுயரத்துக்கு எழும்பி அடித்தது. இறங்கவேண்டாம் என்று பலகை. தவநாயகி கரையில் நின்று இரண்டையும் பார்த்தாள். கையில் பை இருந்தது. அவர் இல்லாவிட்டாலும் அவளையறியாமலே ஹோட்டல் அறையில் மச்சாளின் அரிசிப்பானையில் புட்டு அவித்து, துண்டு மடித்து, பழைய மாதிரியே கட்டிக்கொண்டு வந்திருந்தாள். இரண்டு இடத்திலும் எல்லோரும் சாப்பிட்டு முடிந்ததும் ஒரு கணம் அமைதி வரும். அந்த இடத்தில் வரவேண்டிய வசனம் வரவில்லை. மிதுஷா போனைப் பார்ப்பாள். மச்சாள் முந்தானையைச் சரிசெய்வார். பிறகு யாராவது எழும்புவார்கள்.

ஹோட்டல் குளத்தில் இறங்குவதைப் பற்றி இரண்டாம் நாள் தவநாயகி ஒரு சொல் விட்டுப் பார்த்தாள். மச்சாள் அங்கே நிழலில் கதிரை போட்டு அமர்ந்து, இறங்குகிறவர்களை எல்லாம் ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டிருந்தார். இங்கே பார்க்கிறவை நாளைக்கு ஃபாரஸ்ட் கேட்டில் கதையாகும் என்று தவநாயகிக்குத் தெரியும். மச்சாளுக்கு லண்டனில் போன் எடுக்கிற சொந்தம் ஏராளம்.

ஆனால் இறங்காமல் திரும்புவதில்லை என்று அவள் முடிவெடுத்தாயிற்று. இந்த வருடம் இறங்காவிட்டால், அடுத்த வருடம் சோம்பல் வரும், அதற்கடுத்த வருடம் வயது வரும். அவர் சொன்ன ஒரு சொல்லும் சப்பாத்துப் பொலிஷ் மாதிரி டப்பாவில் காய்ந்துபோகும்.

மூன்றாம் நாள் காலை நீல உடுப்பின் விலைச்சீட்டை வெட்டி, உடுத்து, மேலே சுடிதாரைப் போட்டுக்கொண்டாள். அலை இல்லாத இடமாகப் பார்த்து விசாரித்து வைத்திருந்தாள். தெற்குக் கரையில் ஒரு சின்ன மீன்பிடிக் கிராமம். பத்துப்பன்னிரண்டு வெள்ளை வீடு, கரையில் இழுத்து வைத்த வள்ளங்கள், மீன் பொரிக்கிற மணம். கடல் குளம் மாதிரிக் கிடந்தது. மணல் கறுப்பு. தேயிலைத் தூள் மாதிரிப் பாதத்தில் ஒட்டியது, வெயிலில் சில துகள்கள் மினுங்கின. தொப்பி போட்ட வெள்ளைக்காரத் தம்பதி ஒன்று புத்தகம் வாசித்துக்கொண்டிருந்தது. வேறு சனமில்லை.

தவநாயகி துண்டை விரித்தாள். பையை நடுவில் வைத்தாள். சாப்பாட்டை எடுக்கவில்லை.

"மச்சாள், நான் கடலுக்குள்ள இறங்கப்போறன்."

வசந்தமலர் கைப்பையின் வாரை இரண்டு தரம் முறுக்கினார். சத்தம் போட்டுக் கதைக்கிற ஆளில்லை அவர். தாழ்ந்த குரலில்தான் சொன்னார்: "புருசன் செத்து வருசம் திரும்பேல்லை. கடல்ல விளையாடுறதுக்கு உமக்கு மனம் வருகுதோ, தவம்?"

மிதுஷா "மாமி" என்று எழும்பினாள். தவநாயகி கையைக் காட்டி அவளை இருத்தினாள். அந்தச் சொல் எங்கே போய்த் தைக்கவேணுமோ அங்கே தைத்துவிட்டது. ஊசி குத்துகிறவளுக்கு, குத்து வாங்கினால் கையை இழுக்கக்கூடாது என்பது தெரியும். இழுத்தால்தான் கூட வலிக்கும்.

அவள் மச்சாளின் பக்கத்தில் மணலில் குந்தினாள். பெப்ரவரியில் நடந்ததை நினைவுபடுத்தினாள். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி அன்று சவுத்தெண்டில் காற்று முகத்தை அறுத்தது. ஐயருடைய விரல்கள் விறைத்து மந்திரம் நடுங்கியது. நிசாந்தன் சாம்பலைக் கரைத்தான். கரைத்தவுடன் எல்லோரும் கடலில் முழுகவேணும் என்று மச்சாள் சொல்ல, அந்தக் குளிரில் ஒருவரும் அசையவில்லை. யாரோ பிளாஸ்டிக் போத்தலில் கொஞ்சம் தண்ணீர் அள்ளி வந்து தலைக்குத் தலை தெளித்தார்கள். பிறகு ஹீட்டர் போட்ட கார்களில் ஏறி இல்ஃபோர்ட்டுக்கு வந்து, ஒவ்வொருவராகக் குளியலறைக்குப் போனார்கள். கடைசியாகப் போன மச்சாளுக்குச் சுடுதண்ணீர் தீர்ந்துபோயிருந்தது. அன்றிலிருந்து ஏழு மாதமாக, காண்கிறவரிடமெல்லாம் மச்சாள் சொல்கிற குறை அது ஒன்றுதான்: தம்பிக்கு முழுக்கு முறையாக நடக்கேல்லை.

"நீங்கள்தானே சொல்லிக்கொண்டிருக்கிறியள், மச்சாள். அண்டைக்கு ஒருத்தரும் முழுகேல்லை. நானும் முழுகேல்லை. இப்ப முழுகப்போறன்."

வசந்தமலர் கடலைப் பார்த்தார். தவநாயகி இதை முன்கூட்டி யோசித்து வைத்துக்கொண்டு வரவில்லை, வாய்க்கு வந்ததுதான். ஆனால் சொன்னபின் பார்த்தால் அது சாட்டு இல்லை, உண்மையாகவே இருந்தது.

"உது எந்தக் கடல்?" என்று மச்சாள் கேட்டார்.

"அத்திலாந்திக்."

"தம்பியைக் கரைச்சது வேற கடல்தானே?"

மிதுஷா இடையில் புகுந்தாள். எல்லாம் ஒன்றோடொன்று தொடுத்திருக்கிறது, மாமி, சவுத்தெண்டில் விட்ட தண்ணீர் சுற்றிக்கொண்டு இங்கே வரத்தான் செய்யும் என்று போனில் உலகப் படத்தை எடுத்துக் காட்டினாள். மச்சாள் படத்தைப் பார்க்கவில்லை. ஏழு மாதம் என்றால் வந்து சேர்ந்திருக்கும் என்று அவருக்கே ஒரு கணக்குப் பட்டிருக்கவேணும்.

கைப்பையைத் திறந்தார். தேசிக்காய் இரண்டும் இருந்தன, நசியாமல், கொஞ்சம் வாடி. சாப்பாட்டுப் பைக்குள் கத்தி தேடி எடுத்து இரண்டையும் பாதி பாதியாக வெட்டினார்.

"இஞ்ச வாரும். தலையைக் குனியும்."

தவநாயகி குனிந்தாள். மச்சாள் தேசிக்காய்ப் பாதியை அவளுடைய உச்சியில் வைத்துத் தேய்த்தார். அரப்பு இருந்தால் நல்லது, ஆனால் என்ன செய்வது, விமானத்தில் கொண்டுவரவிடுவார்களோ தெரியாது என்று முணுமுணுத்தார். விரல்கள் உரமாகத்தான் தேய்த்தன. சாறு காதோரம் வழிந்தது. மற்றப் பாதியைத் தன் தலையில் தானே தேய்த்துக்கொண்டார். மூன்றாவதை மிதுஷாவுக்கு நீட்டினார். அவள், ஹேர் கலர் போட்டது மாமி, என்று தயங்க, அம்மாவின் பார்வையைக் கண்டு தலையைக் கொடுத்தாள்.

தவநாயகி சுடிதாரைக் கழற்றினாள். நீல உடுப்பு வெயிலில் வெளியே வந்தது.

மச்சாள் மேலும் கீழும் பார்த்தார். "உதென்ன உடுப்பு?"

"முழுகிற உடுப்பு, மச்சாள்."

"எப்ப வாங்கினது?"

"அவர் இருக்கேக்கை."

மச்சாள் வெள்ளைச் சேலையின் கொய்யக மடிப்பைத் தூக்கிச் செருகிக்கொண்டு, தவநாயகியின் கையைப் பிடித்தார். ஆர் ஆரைப் பிடித்தார் என்று சொல்ல முடியாது. கறுப்பு மணல் சுட்டது, பிறகு நனைந்தது, பிறகு காலடியில் இல்லாமல் நழுவியது. தண்ணீர் கணுக்காலைத் தாண்டியது. தவநாயகி முப்பது வருடம் வந்து நின்ற எல்லை அது. தாண்டினாள். முழங்கால். இடுப்பு. குளிர் வயிற்றில் ஏறியபோது வாயைத் திறந்து மூச்சு வாங்கினாள். பக்கத்தில் மச்சாளும் அதே மாதிரி வாங்கினார்.

மூன்று முழுக்கு. முதலாவதில் மூக்கைப் பொத்த மறந்து இருமினாள். இரண்டாவதில் சரி. மூன்றாவதில் கண்ணைத் திறந்தாள். அடியில் கறுப்பு, அதற்கு மேலே வெளிச்சம் கோடு கோடாக ஓடியது. எழும்பியபோது முகத்தில் வழிந்தது எது கடல், எது கண் என்று பார்க்க யாருக்கும் அவசியம் இருக்கவில்லை. மச்சாளின் முகமும் அப்படித்தான் இருந்தது. அவர் கிழக்கோ மேற்கோ தெரியாமல் பொதுவாக ஒரு திசையைப் பார்த்துக் கும்பிட்டார். தம்பி என்று ஒரு தரம் சொன்னார்.

முறைப்படி இனி வெளியே வரவேணும். மச்சாள் வரவில்லை. தண்ணீருக்குள் இருந்துபார்த்தார். சேலை குடை மாதிரி விரிந்து மிதந்தது. அதை ஒரு கையால் அமத்த, மறுபக்கம் எழும்பியது. அவர் சிரித்ததைத் தவநாயகி பல மாதத்துக்குப் பிறகு அன்றுதான் கண்டாள். பல் கட்டின மேல்வரிசை முழுவதும் தெரிந்தது.

மிதுஷா முழங்கால் அளவில் நின்று கரையைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். துண்டில் பை தனியே கிடந்தது. ஒரு பூனை, எங்கிருந்தோ வந்து, அதை ஒரு சுற்றுச் சுற்றியது.

"அம்மா, சாப்பாடு. நான் போய் இருக்கட்டோ?"

தவநாயகி பார்த்தாள். அந்தப் பையை பிரான்சிலும் இத்தாலியிலும் காவல் காத்தவள் அவள். அதைப் பிடித்துக்கொண்டே வயது போய்விட்டது.

"விடு பிள்ளை. பூனை திண்டால் திண்டிட்டுப் போகட்டும். நீ இஞ்ச வா."

மிதுஷா வந்தாள். நீந்தத் தெரிந்தவள், இல்ஃபோர்ட் பள்ளிக்கூடத்தில் பழகியது. அம்மாவின் முதுகுக்குக் கீழே இரண்டு கையையும் கொடுத்து, தலையைப் பின்னால் விடச் சொன்னாள். காதுக்குள் தண்ணீர் போகட்டும், கழுத்தை இறுக்காதைங்கோ, வயிற்றை மேலே விடுங்கோ என்றாள். நோயாளிகளுக்குத் தவநாயகி சொல்கிற மாதிரியே இருந்தது, கையைத் தளர்த்துங்கோ, வேற எங்கையாவது பாருங்கோ. தளர்த்தினாள். மேலே பார்த்தாள். வானமும், ஓரத்தில் தலை வெட்டின சிவப்பு மலையும் தெரிந்தன. எப்போது மகள் கையை எடுத்தாள் என்று தெரியவில்லை. உப்புத் தண்ணீர் அவளைத் தாங்கிக்கொண்டு நின்றது.

எவ்வளவு நேரம் என்று அவள் பார்க்கவில்லை. மச்சாளும் மிதுஷாவும் கரைக்குப் போய், பூனைக்குச் சாப்பாட்டில் பங்கு கொடுத்து, தாங்களும் சாப்பிடத் தொடங்கியிருந்தார்கள். தவநாயகி நிமிர்ந்து நின்று பார்த்தபோது மச்சாள் கரையோரம் வந்து நின்றார், ஈரச் சேலையோடு, கையில் கார்த் திறப்போடு. தவநாயகி பழக்கத்தில் கரைப்பக்கம் ஓரடி வைத்தாள். முப்பது வருடமாக அந்தத் திறப்பு ஆடினால் புறப்பட வேண்டும்.

மச்சாள் திறப்பை ஆட்டினார். காருக்குள் போய்ச் சற்றுச் சாயப்போகிறாராம், வெயில் கூடவாம்.

"நீர் ஆறுதலா வாரும்" என்றார். "வாற நேரம் வாரும்."

தம்பி அன்றைக்குச் சொன்னதைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. அக்காவும் தம்பியும் ஒரே வீட்டில் வளர்ந்தவர்கள், ஒரே மாதிரிக் கதைக்கிறவர்கள், அவ்வளவுதான். தவநாயகி தலையை ஆட்டினாள். பிறகு திரும்பவும் பின்னால் சாய்ந்து, காதுகளுக்குள் தண்ணீரை விட்டாள்.

விரல் நுனியெல்லாம் சுருங்கிய பிறகுதான் வெளியே வந்தாள். காருக்குள் மச்சாள் ஆசனங்கள் நனையாமல் இல்ஃபோர்ட் பலசரக்குக் கடைப் பைகளை விரித்து, அதற்கு மேலே இருந்தபடி ஃபாரஸ்ட் கேட்டுக்குப் போன் கதைத்துக்கொண்டிருந்தார். மறுமுனையில் மருமகள் என்னவோ கேட்டிருக்கவேணும். மச்சாளுடைய குரல் நிமிர்ந்திருந்தது.

"கடல்ல விளையாடுறதோ? ஆர் சொன்னது? தம்பியின்ர அந்தியேட்டி முழுக்கு மிச்சம் கிடந்தது. அதுக்கெண்டுதான் நாங்கள் இஞ்ச வந்தனாங்கள். தவம்தான் எல்லாம் யோசிச்சுக் கூட்டிக்கொண்டு வந்தவள்." கொஞ்சம் நிறுத்திவிட்டு, "கார் ஓடுறதும் அவள்தான். நல்லா ஓடுவாள்."

தவநாயகி ஏறினாள். பிளாஸ்டிக் பை கறுமுறுவென்றது. பெருந்தெருச் சந்தி வந்தது. இடப்பக்கம் ஹோட்டலுக்கு, வலப்பக்கம் எரிமலைப் பூங்காவுக்கு. அங்கே கார்களை நிறுத்திவிட்டு, பூங்காவின் பஸ்ஸில் ஏற்றித்தான் மேலே கொண்டுபோய்க் காட்டுவார்கள் என்று மிதுஷா முதல் நாளே வாசித்துச் சொல்லியிருந்தாள். தவநாயகி இடப்பக்கத்துக்கு சிக்னல் போட்டாள்.

"ஏன் உந்தப் பக்கம்?" என்றார் மச்சாள் பின்னாலிருந்து.

"நீங்கள் மலை ஏறக்கூடாது எண்டு சொன்னனீங்கள்."

மச்சாள் ஈரத்தலையைத் துண்டால் சுற்றிக் கட்டினார். யன்னலுக்கு வெளியே, இதுவரைக்கும் பார்க்காமல் தவிர்த்த பக்கத்தை, இப்போது நன்றாகவே பார்த்தார்.

"பஸ்தானே ஏறுது. நாங்கள் அதுக்குள்ள இருக்கிறம்."

தவநாயகி சிக்னலை மாற்றினாள்.